இருபத்தாறாவது பொருள்

அந்த அலுவலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சேரும் நாளன்று வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், அதோடு சரி. அதற்கப்புறம் எவர் மேசையில் எந்தச் சொல் இருக்கிறதோ அதுவே அவர் பெயர். தமிழர் வாயில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி செய்யும் இடம் அது. 'டேக்' என்ற சொல்லோடு ஒன்றரை வருடமாக மல்லுக்கட்டுபவர் டேக் சார். 'கெட்' என்ற சொல்லைப் பாதியில் விட்டுப் பிரசவத்துக்குப் போய், குழந்தைக்குப் பல் முளைத்த பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்பவர் கெட் அக்கா. போன மாதம் ஒருவர் 'அம்ப்ரெல்லா'வை ஒரே நாளில் முடித்துவிட்டு விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவரோடு இரண்டு நாள் யாரும் பேசவில்லை.

நம் ஆளுக்கு வாய்த்தது 'செட்'. ஆகவே அவன் செட்டு.

முதல் வாரம் தெம்பாகத்தான் இருந்தான். ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து. இரண்டெழுத்துக்குள் என்ன பெரிதாக ஒளிந்திருக்கப்போகிறது? மூன்றாவது வாரம் தொகுப்பாசிரியர் மேடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார். அதில் இருபத்தாறு பொருள்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை, ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வாக்கியம். தகுதிகாண் காலம் முடியும் வெள்ளிக்கிழமைக்குள் இருபத்தாறும் அறை அறையாகப் பிரித்த அட்டைத் தட்டில் ஏறினால் வேலை நிரந்தரம்.

வாக்கியத்தைச் சும்மா உட்கார்ந்து எழுதிவிட முடியாது. அகராதியின் முதல் பதிப்புக்கு எடுத்துக்காட்டுகள் முழுவதையும் ஒரே மனிதர் தன் தலையிலிருந்தே எழுதியிருந்தார். எல்லாவற்றிலும் ஓர் அரசனும் ஒரு யானையும் வந்தார்கள். 'பேட்டரி' என்ற சொல்லுக்குக்கூட அரசன் யானைக்குப் பேட்டரி வாங்கிவந்தான். அதைப் படித்துவிட்டுத்தான் மேடம் சட்டம் போட்டார்: உயிருள்ள மனிதர் வாயிலிருந்து காதால் கேட்ட வாக்கியம் மட்டுமே செல்லும். கேள்வி கேட்டுச் சொல்லவைக்கக் கூடாது. அலுவலக ஆட்கள் பேசுவது செல்லாது, அவர்கள் வாய் ஏற்கெனவே கெட்டுப்போய்விட்டது. அட்டையில் நான்கு கட்டம்: வாக்கியம், சொன்னவர், தேதி, எதைப் பற்றி. அடியில், சொன்னவரே போட்ட கையெழுத்து. தட்டை ஒப்படைக்கும் நாளில் கையெழுத்து இல்லாத அட்டை அதில் இருந்தால், அரசன் வந்திருக்கிறான் என்பார் மேடம். அதைவிடப் பெரிய வசவு அங்கே கிடையாது.

செட்டு காதைத் தீட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். சோபா செட் என்றால் தொகுதி, சரி. டீ செட் என்றால் தொகுதியா, அடுக்கா என்பதில் அரை நாள் போயிற்று. கொத்தனார், தளம் செட்டாக ஒரு நாள் விடணும் என்றார்: இறுகுதல். பல் மருத்துவமனை வாசலில் ஒரு பெரியவர், செட்டைக் கழற்றினால்தான் சாப்பிட முடிகிறது என்று அலுத்துக்கொண்டார்: பொய்ப்பல். மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார், செட் என்றால் கணம் என்றார். கணம் என்றால் நொடியும்தானே சார் என்று இவன் கேட்டதற்கு, அது வேறு கணம் என்று சொல்லிவிட்டு அந்தக் கணமே படியேறிப் போய்விட்டார். பந்து விளையாடுகிறவர்களுக்குச் சுற்று, படம் எடுக்கிறவர்களுக்கு அரங்கம், முடி வெட்டுகிறவருக்குச் சீர், நண்பர்களுக்குள் கும்பல். இரண்டாவது மாதம் முடிவதற்குள், யாராவது எதிரில் வாயைத் திறந்தாலே அவனுக்குத் தலை சுற்றியது. பேசுகிறவர் சொல்வது ஒன்றும் மண்டையில் ஏறாது. வலைக்காரன் ஆற்றைப் பார்க்கிற மாதிரி, தண்ணீர் ஓடுகிறதே என்ற நினைப்பில்லாமல் மீனுக்காக மட்டும் உட்கார்ந்திருப்பான்.

டேக் சார் ஆறுதல் சொன்னார். ஆறாவது மாதம் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்குமாம். ஏழாவது மாதம் பிடித்துவிடுமாம். அதற்கப்புறம் தொந்தரவில்லையாம்.

ஆனால் செட்டுக்கு வீட்டிலேயே ஒரு புதையல் இருந்தது. அவன் மனைவி.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண் சோதிப்பது, லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி இழைப்பது, முகத்தில் மாட்டிப் பார்த்து வளைப்பது எல்லாம் அவள்தான். நாள் முழுக்க வருகிறவர்களிடம் ஒன்றா இரண்டா, இதுவா அதுவா என்று அளந்து பேசிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் அளக்காமல் பேசுவாள். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, பின்னலைப் பிரிக்கும்போது பேசுவாள். அதில் ஆறேழு நாளைக்கு ஒருமுறை ஒரு 'செட்' வந்து விழும். உடனே இவன் முகம் பிரகாசமாகிவிடும். சட்டைப் பையிலிருந்து அட்டை வெளியே வரும். அந்தப் பிரகாசத்தைப் பார்த்து, தான் சொல்வதை இவர் கவனிக்கிறார் என்று அவள் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது அவள் தவறல்ல. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மூன்று மாதத்தில் அவளிடமிருந்து மட்டும் பதினான்கு அட்டை தேறியது. மொத்தம் இருபத்தைந்து பொருளுக்கு ஆள் கிடைத்தாகிவிட்டது. எஞ்சியது ஒன்றே ஒன்று. பட்டியலில் கடைசி, இருபத்தாறாவது: 'பொருந்து, பெரும்பாலும் எதிர்மறையில் வரும்.' ஊரே நாளுக்குப் பத்துத் தடவை சொல்லும் சமாசாரம். இவன் காதுக்கு மட்டும் எட்டவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய திங்கட்கிழமை சாயங்காலம் அது எட்டியது. அவள் பால்கனியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டே தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். செட்டு உள்ளே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா, எங்க ரெண்டு பேருக்கும் செட்டாகல. நானும் மூணு மாசமா பாத்துட்டேன்."

செட்டுக்கு நெஞ்சு படபடத்தது. சந்தோஷத்தில்தான். ஒரு காலில் செருப்போடு அட்டையைத் தேடினான். பேனா எழுதவில்லை, உதறி எழுதினான். 'இல்லக்கா'வையும் விடாமல் எழுதினான், ஏனென்றால் சட்டப்படி வாக்கியத்தை வெட்டக் கூடாது. தேதி போட்டான். சொன்னவர் என்ற இடத்தில் மனைவி என்று எழுதினான். அன்று இரண்டு வாய் கூடுதலாகவே சாப்பிட்டான். என்ன இன்னிக்கு இவ்வளவு உற்சாகம் என்று அவள் கேட்டாள். வேலை முடிந்துவிட்டது என்றான்.

மறுநாள் காலை அட்டையை மேடத்திடம் நீட்டினான். மேடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். அட்டையை ஒருமுறை படித்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து இன்னொருமுறை படித்தார்.

"யார் சொன்னது?"

"வீட்ல, மேடம்."

"எதைப் பற்றிங்கற கட்டம் காலியா இருக்கே?"

செட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு பேனாவை எடுத்தான். எதைப் பற்றி? 'எங்க ரெண்டு பேருக்கும்.' யார் அந்த இரண்டு பேர்? அவளும் அக்காவுமா? அக்காவிடமே பேசும்போது அக்காவைச் சேர்த்திருந்தால் 'நம்ம' என்று வந்திருக்கும்; ஆகவே அக்கா கழிந்தாள். அவளும் கடை முதலாளியுமா? முதலாளியோடு மூன்று வருடமாக நன்றாகத்தானே இருக்கிறாள். கணக்கில் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தான். கடைசியில் அவளும் இன்னொரு ஆளும் மிஞ்சினார்கள். அந்த இன்னொரு ஆள் அப்போது ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தது அவனுக்கு நினைவு வந்தது.

கட்டத்தில் 'என்னை' என்று எழுதினான். எழுதி முடித்த பிறகுதான் முகத்தில் ஈயாடவில்லை.

மேடம் அதையும் படித்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையெழுத்து வேண்டுமே என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிவிடுகிறேன் என்று செட்டு சொன்னான். அப்படித்தான் சொன்னதாக அவனுக்கு நினைவு. காது இரண்டும் அடைத்துக்கொண்டிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அன்று பகல் முழுக்க அவன் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. பொருந்தவில்லை என்று சொல்லியிருக்கிறாளா, ஒத்துவரவில்லை என்றா, இசையவில்லை என்றா, சேரவில்லை என்றா? பொருந்தவில்லை என்றால் சட்டை மாதிரி; மாற்றிவிடலாம். ஒத்துவரவில்லை என்றால் தண்ணீர் மாதிரி. கொஞ்ச நாளில் பழகிவிடும். இசையவில்லை என்றால் வக்கீல் வாடை அடிக்கிறது. சேரவில்லை என்றால் உடம்புக்கு ஆகாது. நான்கையும் ஒரு தாளில் எழுதி, எதிரெதிரே கோடு போட்டுப் பார்த்தான். எந்தக் கோடும் அவளிடம் போய்ச் சேரவில்லை. அவளையே கேட்டுவிடலாம் என்பது ஏனோ அவனுக்குத் தோன்றவே இல்லை. கேட்டுச் சொல்லவைக்கக் கூடாது என்ற சட்டம் அந்த அளவுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது.

கெட் அக்காவிடம் போய் விஷயத்தைக் கொட்டினான். அவர் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினார். முதலில் வீட்டுக்குப் போய்ப் பேசு என்றார். இவன் திருதிருவென விழிப்பதைப் பார்த்து, இவனுக்குப் புரிகிற மொழியில் மாற்றிச் சொன்னார்.

"தம்பி, முதல்ல அந்தப் பொருளுக்கு வேற ஒரு வாயைத் தேடிப் பிடி. இந்த அட்டையைக் கிழிச்சுப் போடு. அகராதிக்கு உன் வீட்டு சாட்சிதான் வேணும்னு இல்ல."

இதில் முதல் பாதி செட்டுக்கு நன்றாகப் புரிந்தது. புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுச் செருப்புக் கடையில் போய் உட்கார்ந்தான். அங்கே பொருந்தாதவர்களுக்குப் பஞ்சமில்லை. ஓர் அம்மா ஏழு ஜோடி போட்டுப் பார்த்தார். முதல் ஜோடி பிடிக்கவில்லை என்றார், இரண்டாவது கடிக்கிறது என்றார், மூன்றாவது தோதுப்படவில்லை, நான்காவது எடுப்பாக இல்லை, ஐந்தாவது வேண்டாம், ஆறாவது சரிவராது. ஏழாவதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது செட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான். அந்த அம்மா நல்லா இருக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தையல்காரர் கடையில் அளவு தப்பிவிட்டது என்றார்கள். மருந்துக் கடையில் இந்த மாத்திரை எனக்கு ஆகாது என்றார்கள். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் ஒரு வரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். செட்டு அவர்களை ஒட்டியே நின்றான். பையன் வீட்டுக்கும் நமக்கும், என்று ஆரம்பித்த பெண் பாதியில் நிறுத்தி, என்ன சார் வேணும் உங்களுக்கு என்று கேட்டாள். கேட்ட தினுசு நன்றாக இல்லை. செட்டு அடுத்த பேருந்தில் ஏறி, அது எங்கே போகிறதென்று தெரியாமல் நான்கு நிறுத்தம் போனான். ஒரே நாளில் அந்தப் பொருளுக்கு எட்டுச் சொல் கிடைத்துவிட்டது. 'செட்' மட்டும் யார் வாயிலும் இல்லை. ஒருவேளை உலகத்திலேயே அந்தச் சொல்லை அந்தப் பொருளில் சொல்கிற ஒரே ஆள் தன் மனைவிதானோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

அட்டையை அவன் கிழிக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி சொன்ன வாக்கியங்களின் அட்டைகளை ஒன்றாக அடுக்கினான். எல்லாம் சேர்த்துப் பதினைந்து. இருபத்தாறாம் பொருளை ஒன்பதாவதாகச் செருகினான். ஆரம்பத்தில் கவனமாகப் படிப்பாள், கடைசியில் சந்தேகத்தோடு படிப்பாள், நடுவில் அசந்துபோவாள் என்பது அவன் கணக்கு. அவள் கடை வேலை முடிந்து வந்த களைப்பில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் வேலை, சும்மா கையெழுத்துத்தான் என்று சொல்லி நீட்டினான்.

கண்ணாடி மூக்கின் மேல் அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலே கண்டுபிடிக்கிற ஆள் அவள். முதல் அட்டையிலிருந்து வரி வரியாகப் படித்தாள். இரண்டாவது, மூன்றாவது. நான்காவதைப் படித்ததும் லேசாகச் சிரித்தாள். ஒன்பதாவது வந்தது. படித்தாள். செட்டு நாற்காலியின் நுனியில் இருந்தான். கீழே வைத்துவிட்டுப் பத்தாவதை எடுத்தாள். பிழைத்தோம் என்று நினைத்தான். பதினைந்தாவதைக் கீழே வைத்த பிறகு தேநீர்க் கோப்பையை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, அட்டைகளை ஒவ்வொன்றாக மேசை மேல் பரப்ப ஆரம்பித்தாள்.

அப்படி இல்லை, பொருள் வாரியாக இருக்கணும் என்று செட்டு முனகினான். அவள் தேதி வாரியாக வைத்துக்கொண்டிருந்தாள். ஆறு அட்டைகளை மட்டும் ஒரே வரிசையில் வைத்து, மற்றவற்றை ஓரமாக ஒதுக்கினாள்.

"சத்தமா படிங்க."

செட்டு படித்தான். எல்லாம் அவன் கைப்பட எழுதியதுதான்.

"புது பிராஞ்சுல மிஷின் செட் பண்ண ஆள் கேக்கறாங்க, என்னைப் போகச் சொல்றாங்க." அதற்கு நிறுவு என்று பொருள் குறித்திருந்தான்.

"நான் போனா அங்க செட்டாகவே நாலு மாசம் ஆகும், நீங்க என்ன சொல்றீங்க?" நிலைகொள்.

"புது பிராஞ்ச் பாரத்தை ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்கன்னு போன வாரமே சொன்னேனே." நகல்.

"அலாரம் செட் பண்ணி வச்சாத்தான் உங்களுக்கு நான் ஞாபகம் வருவேன் போல." நேரம் குறி. இதன் ஓரத்தில் 'அருமை' என்று மேடம் பென்சிலால் எழுதியிருந்தார்.

"அங்க எங்க செட்ல படிச்சவ ஒருத்தி இருக்கா, அவளோட தங்கிக்குவேன்." உடன்பயின்றோர்.

கடைசி அட்டையை அவன் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. பொருள் வாரியாக ஐந்து வேறு அறைகளில் கிடந்தபோது அவை ஐந்து நல்ல எடுத்துக்காட்டுகளாக இருந்தன. ஒரே வரிசையில் வந்ததும் அவனுக்கு யாரோ மூன்று மாதமாக எழுதிய கடிதமாகிவிட்டன. அவன் அதைத் தன் கையாலேயே எழுதி, நல்ல மசியில், தேதி போட்டு, பிரித்துப் படிக்காமல் வைத்திருந்தான்.

"இதை எப்ப கேட்டீங்க?" கடைசி அட்டையைத் தொட்டுக் கேட்டாள்.

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு வியாழன்."

"ஆமா."

"நடுவுல ரெண்டு நாள் என்ன பண்ணீங்க?"

"செருப்புக் கடைக்குப் போனேன்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. கோபப்படுவதற்குத் தயாராக இருந்தவள், எதன் மேல் கோபப்படுவதென்று ஒரு நிமிடம் குழம்பிப்போனாள். செட்டு முழுக் கதையையும் சொன்னான். ஏழு ஜோடிச் செருப்பு, மாத்திரை, பேருந்து, எட்டுச் சொல். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறதென்று அவனுக்குத் தெரிந்தது. இருந்தும் நடுவில் நிறுத்த வழி தெரியவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். எல்லாம் முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"நான் பேசினதுல ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கீங்க. மத்ததெல்லாம் யாருக்குச் சொன்னேன்?"

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் செட்டு அட்டையில் தான் எழுதிய 'என்னை'யைக் காட்டி, நீ என்னைப் பற்றிச் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டான்.

"அதுவும் தப்பு," என்றாள். "உங்களைப் பத்தி மட்டும் சொல்லல. கண்ணாடி ஒருத்தர் மூக்குல உக்காரலேன்னா, அது கண்ணாடி தப்பா, மூக்கு தப்பா?"

"கடைல நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"கண்ணாடியத்தான் சூடு காட்டி வளைப்போம். மூக்கை என்ன பண்ண முடியும்?"

செட்டு நிதானமாக யோசித்தான்.

"இதுல நான் கண்ணாடியா, மூக்கா?"

"அதுதான் எனக்கும் புரியல," என்றாள் அவள். அவள் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே புரியவில்லை போலிருந்தது. தேநீர் ஆறிப்போயிருந்தது, அதை ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். அந்தப் புது ஊருக்குப் போக ஆசையாக இருக்கிறதாம். போகப் பயமாகவும் இருக்கிறதாம். போனால் கிளை முழுக்க அவள் பொறுப்பு. போகாவிட்டால் இன்னும் பத்து வருடம் இதே முதலாளி, இதே அடித்தளத்து அறை, இதே இழைப்பு இயந்திரத்தின் தூசி. நாளை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இதை ஒருவரோடு சேர்ந்து குழம்புவோம் என்றுதான் திரும்பத் திரும்ப இவனிடம் எடுத்தாள். தனியாகக் குழம்பிக் குழம்பிச் சலித்துப்போய்த்தான் அக்காவிடம் அப்படிச் சொன்னாள்.

"அன்னிக்கே காதுல வாங்கியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? போன்னா, போகாதேன்னா?"

எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று செட்டுக்கு ஒரு கணம் ஆசை வந்தது.

"தெரியல," என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். இந்தப் பதில் நல்லதா கெட்டதா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு பேனாவை வாங்கி, பதினான்கு அட்டைகளிலும் மடமடவென்று கையெழுத்துப் போட்டாள். 'செட்டாகல' அட்டையை மட்டும் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் முடிவாகாத பேச்சு இது. இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை செட்டு தட்டைக் கொண்டுபோய் மேடம் மேசையில் வைத்தான். இருபத்தைந்து அறையில் அட்டை. இருபத்தாறாவது காலி. மேடம் விரலால் அந்தக் காலி இடத்தைத் தடவிப் பார்த்தார். ஆள் கிடைக்கவில்லையா என்றார். ஆள் கிடைத்தார், அவர் தன் வாக்கியத்தை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றான். அகராதி வரலாற்றில் இப்படி ஒரு காரணத்தை மேடம் கேட்டதில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். சாட்சி இல்லையேல் பொருள் இல்லை. பட்டியலில் இருபத்தாறாவது வரியின் மேல் சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது. இனி இந்த அகராதியைப் பொறுத்தவரை, தமிழ் பேசுகிறவர்களில் யாரும் யாரோடும் செட்டாகாமல் போனதாகத் தகவல் இல்லை. தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. அடுத்து 'செட்டப்' என்ற சொல்லைக் கொடுப்பதாக மேடம் சொன்னார்.

அவன் கலங்கவில்லை. கலங்க வேண்டும் என்று தோன்றியது; அதற்கு நேரமில்லை. அடிக்கடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அவள் அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்திருந்தாள்.

"சரின்னு சொல்லிட்டேன்," என்றாள்.

செட்டு பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றான். நல்லது என்று சொல்ல வாயெடுத்து, அது யாருக்கு நல்லது என்று தெரியாமல் நிறுத்தினான்.

"நீ மட்டுமா, நாமளா?"

"சொல்லும்போது எனக்கே தெரியல. ஞாயித்துக்கிழமை போய்ப் பாப்போம், வாங்க."

பேருந்தில் மூன்று மணி நேரம். வழி நெடுக அவன் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தான். எத்தனை ஆட்கள், யார் சாவி வைத்திருப்பார்கள், மிஷின் கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது. சிலவற்றுக்கு அவளுக்கே பதில் தெரியவில்லை. தெரியாதவற்றை அவள் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாள். புதுக் கடையில் வர்ணத்தின் வாடை இன்னும் போகவில்லை. அலமாரிகளில் கண்ணாடி ஃபிரேம் ஒன்றுகூட இல்லை. மாடியில் ஓர் அறையும் சமையலறையும் வாடகைக்கு இருந்தன. சாவியோடு வந்த வீட்டுக்காரர், குடியிருக்கப் போவது எத்தனை பேர் என்று கேட்டார்.

செட்டு அவளைப் பார்த்தான். அவள் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேர்," என்றாள். "ஒருத்தர் அப்பப்ப வருவார்."

"அப்பப்பன்னா எப்படிம்மா?"

"அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழாயில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும் என்று பேச்சை மாற்றினார். மிஷின் வந்து இறங்குகிற அன்று நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று செட்டு சொன்னான். எதற்கு என்று அவள் கேட்டாள். தெரியவில்லை, பெட்டி தூக்க ஆள் வேண்டாமா என்றான். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கீழே இறங்கியதும், கண் சோதிக்கும் நாற்காலியின் உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவனை உட்காரவைத்தாள். பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, அசைந்தால் கறமுறவென்றது. கனமான இரும்புச் சட்டம் ஒன்றை அவன் மூக்கில் மாட்டி, காதுக்குப் பின்னால் திருகி, ஒரு லென்ஸைப் போட்டாள். எதிர்ச் சுவரில் எழுத்துகள் தெரிந்தன.

"இதுல தெளிவா தெரியுதா?" லென்ஸை மாற்றினாள். "இல்ல, இதுலயா?"

செட்டு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரியும் இருக்கு. வேற மாதிரியும் இருக்கு."

"வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்று அவள் முதல் லென்ஸையே மறுபடி எடுத்தாள். "இன்னொரு தடவை காட்டறேன். நிதானமா பாத்துச் சொல்லுங்க."